ஈரோட்டுப் பாப்ளியும் எங்கள் பாடகர் குழுவும்

1830இல் ஆடிஸ் பாதிரியாரோடு லண்டன் மிஷன் கோயம்புத்தூருக்கு வந்தது. அதன் வழிவந்த எங்கள் சபையில் இன்றும் பாட்டு இரண்டு வகை: ஐரோப்பிய மெட்டில் ஞானப்பாட்டு, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வழியில் கீர்த்தனை. ஞானப்பாட்டுக்கு நான்கு குரலும் அச்சிலேயே கிடைக்கும். கீர்த்தனைதான் பாடகர் குழுவைச் சோதிக்கும்.

ஈரோட்டில் ஊழியம் செய்த அதே மிஷனின் எச். ஏ. பாப்ளி, நம் இசையை முறையாக அணுகியவர். 1921இல் இந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். 1931இல் தேர்ந்தெடுத்த குறள்களையும் மொழிபெயர்த்தார். கொங்குநாட்டில் அவரைப் பேசுவோர் குறைவு. எனக்கு அதில் வருத்தம்தான்.

எங்கள் குழுவின் சோதனைக்கு வருவோம்: சங்கராபரணக் கீர்த்தனைக்கு ஆர்கன் கார்டுகள் தாமாக அமரும். மாயாமாளவகௌளையில் ரிஷபம் ஸட்ஜத்தை ஒட்டி நிற்பதால், பஞ்சமத்தின் மேல் மேஜர் கார்டு அமையாது. அங்கே பேஸ் குரலை ஸ–ப சுருதியில் நிறுத்திவிட்டு, வயலினை மெட்டோடு விடுவேன். பல்லவி சபைக்கு, அனுபல்லவி குழுவுக்கு. நான்கு குரலாகப் பிரிவது கடைசிச் சரணத்தில் மட்டும். சுருதியை ஏற்றிவிட்டால் பின்வரிசை ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். தபேலாக்காரரை முதல் பல்லவி முடியும்வரை கைகட்டி உட்காரச் சொல்வேன். அவருக்கு அது பிடிக்காது.