வானலையில் ஒரு பிசி

சிறுவயதில் எங்கள் ஆலங்குளம் பக்கத்து வீடுகளில் வானொலி என்றால் இலங்கை வானொலிதான். திருநெல்வேலி நிலையம் 1963 முதலே இருந்தது. இருந்தும் முள் கொழும்பிலேயே நிற்கும். தீப்பெட்டிக் கட்டு ஒட்டும் கைகளுக்குப் பாட்டு வேண்டும், அவ்வளவுதான். வினாடி வினா வந்தால் தலைநகர், நதி, முதல் பெண்மணி என்று கேள்விகள் ஓடும். பதில் தெரியும் அல்லது தெரியாது. யோசிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

யோசிப்பதையே நிகழ்ச்சியாக்கிய ஒரு வானொலிப் போட்டி உண்டு என்பதை நான் மிகப் பின்னர்தான் அறிந்தேன். பிபிசியின் 'ரவுண்ட் பிரிட்டன் குவிஸ்' 1947 நவம்பரில் தொடங்கியது. அதற்கு முன்னோடி, போர்க்காலத்தில் இலண்டனையும் நியூயார்க்கையும் இணைத்து நடந்த 'டிரான்ஸ்அட்லாண்டிக் குவிஸ்'. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் நேசநாடுகளின் அறிஞர்கள் அமர்ந்து ஒருவரையொருவர் மடக்கிக்கொண்டிருந்தார்கள். போர் முடிந்ததும் அந்த அமைப்பையே உள்நாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இலண்டன் அணி நிலையாக அமர்ந்திருக்கும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து, இங்கிலாந்தின் பிற பகுதிகள் முறைவைத்து வந்து மோதும். லயனல் ஹேல், கில்பர்ட் ஹார்டிங் ஆகியோர் தொடக்ககால வினாவாளர்கள். வரலாற்றறிஞர் டெனிஸ் புரோகன் இலண்டன் அணியின் தூண்களுள் ஒருவர்.

இந்த அமைப்பில் ஒரு அரசியல் இருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். தலைநகரம் இருந்த இடத்தில் இருக்கும்; மாகாணங்கள் வந்து தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும். அரை நூற்றாண்டு இப்படியே நடந்தது. 1997இல் நிகழ்ச்சி புதுப்பிக்கப்பட்டபோதுதான் இலண்டனின் தனியிருக்கை போய், அணிகள் தங்களுக்குள் சமமாக மோதும் முறை வந்தது. ஒரு நாடு தன் மையத்தைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் மெல்ல மாறியதற்கு இந்தச் சிறு மாற்றத்தையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

கேள்விகளின் தன்மைக்கு வருவோம். ஓர் அணிக்கு இருவர். ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று நான்கு செய்திகளை அடுக்கி, இவற்றுக்குள் என்ன உறவு என்று கேட்பார்கள். இன்றைய முறையில் ஒரு கேள்விக்கு 6 மதிப்பெண். நடுவர் எடுத்துக்கொடுக்கும் ஒவ்வொரு நூலிழைக்கும் மதிப்பெண் குறையும். எனவே பெரும்பகுதி நேரம் நாம் கேட்பது பதிலை அல்ல. இருவர் வாய்விட்டுத் தடுமாறுவதையும், தவறான சந்துக்குள் புகுந்து திரும்புவதையும், திடீரென்று ஒருவர் குரலில் வெளிச்சம் படர்வதையும்தான். நேயர்கள் எழுதியனுப்பும் கேள்விகளும் உண்டு.

ஆங்கிலக் கேள்வியைத் தமிழில் சொன்னால் சுவை கெடும். நானே ஒன்று கட்டிப் பார்த்தேன்: 'பாற்கடலில் பள்ளிகொண்டவனின் கைகள், போர்க்களத்தில் தேரைவிட்டு இறங்கிய கர்ணன், குழந்தைக்கு மருந்து புகட்டும் தாய். மூவரும் தீபாவளி இரவில் ஒரே முற்றத்தில் கூடுவது எப்படி?' திருமால் கைகளில் சங்கும் சக்கரமும். கர்ணனை இறக்கியது மண்ணில் புதைந்த சக்கரம். தாயின் கையில் சங்கு. முற்றத்தில் சுழல்வது சிவகாசியின் சங்குசக்கரம். இதில் எந்தச் செய்தியும் அரியதன்று, கோப்பதுதான் வேலை.

இது மேல்தட்டு மக்களின் விளையாட்டு என்ற குறை இந்நிகழ்ச்சியின்மீது நெடுங்காலம் உண்டு. இலத்தீன், ஷேக்ஸ்பியர், ஓப்பரா என்று பழகியவர்களின் முற்றம்தான் அது. ஆனால் இலண்டன் அணியில் பல்லாண்டுகள் கோலோச்சிய ஐரீன் தாமஸ், கோவன்ட் கார்டன் ஓப்பராவில் கூட்டுக்குரல் பாடியவர். 1961இல் 'பிரெய்ன் ஆஃப் பிரிட்டன்' பட்டம் வென்று அறியப்பட்டார். மேடையின் பின்வரிசையில் நின்று பாடிய ஒருவர் அந்த முற்றத்தின் நடு நாற்காலியில் அமர்ந்தது எனக்கு உவப்பான செய்தி.

இந்தியாவுக்கு வினாடி வினா பெரும்பாலும் ஆங்கிலம் வழியே வந்தது. 1967இல் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் நடத்திய பொதுப் போட்டியைத் தொடக்கமாகச் சொல்வார்கள். 1972இல் ஹமீது சயானி வானொலியில் போர்ன்விட்டா வினாடி வினாவைத் தொடங்கினார். 1975இல் அவர் மறைந்தபின் தம்பி அமீன் சயானி ஏற்று நடத்தினார். பள்ளிகள் மோதின. ஆனால் அது நினைவாற்றலின் போட்டி.

வியப்பு என்னவென்றால், கோக்கும் கலைக்கு நம்மிடம் இலக்கணமே இருந்தது. தொல்காப்பியம் பாட்டு, உரை, நூல் என்று யாப்பின் களங்கள் ஏழைச் சொல்லும்போது பிசியையும் அவற்றுள் வைக்கிறது. பிசி என்பது விடுகதை. பாட்டுக்கு நிகராக விடுகதையை ஒரே வரிசையில் நிறுத்திய இலக்கணி நம்முடையவர். தண்டியலங்காரத்தின் சித்திரகவிகளுள் 'வினாவுத்தரம்' என்று ஒன்று உண்டு. ஒரு சொல்லைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் ஒரு வினாவுக்கு விடையாகவும், முழுச்சொல் இறுதி வினாவுக்கு விடையாகவும் அமையச் செய்வது. எங்கள் ஊரையே வைத்துக் காட்டலாம். பாற்கடலில் எழுந்து ஈசன் கண்டத்தில் தங்கியது எது? ஆலம். மழைக்கு முன் தூர்வார வேண்டியது எது? குளம். சிமெண்டு ஆலையால் பெயர் தெரிந்த ஊர் எது? ஆலங்குளம். (ஊரார் பொறுத்தருள்க. பெயருக்குக் காரணம் நஞ்சல்ல, ஆலமரம்தான்!)

பிசியை நாம் குழந்தைகளிடம் விட்டோம். வினாவுத்தரத்தைப் புலவர்களிடம் விட்டோம். புலவர்கள் அதைப் பாடத்திட்டத்தில் விட்டார்கள். அங்கே அது இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருங்கியது. இரண்டுக்கும் நடுவே, வளர்ந்த மனிதர்கள் கூடி வாய்விட்டு யோசிக்கும் ஓர் இடம் நம் வானொலியில் அமையவில்லை. அமைந்திருந்தால்? நெல்லைக்கு ஓர் அணி, கொங்குக்கு ஒன்று, தஞ்சைக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் தனித்தனியே. சென்னைக்கு நிலையான நாற்காலி கூடாது. ஒவ்வொரு வட்டாரமும் தன் பயிர், தொழில், தெய்வம், வசவு அனைத்தையும் கேள்விக்குள் கொண்டுவந்திருக்கும். கரிசல்காட்டுச் சொல் கொழும்பில் புரியாமல் விழித்திருக்கும். அவர்கள் சொல்லுக்கு நாம் விழித்திருப்போம்.

அந்த நிகழ்ச்சியில் இறுதியாக ஒரு கேள்வியைச் சொல்லி, விடையை அடுத்த வாரத்துக்கு நிறுத்திவைப்பது வழக்கம். நானும் ஒன்று வைக்கிறேன்: பழந்தமிழில் சாட்சி சொல்ல வருபவன், பாகன் ஏறும் விலங்கு, கி. ராஜநாராயணனின் மண், கந்தகத்துக்கும் வெடியுப்புக்கும் கூட்டாளி. இவை நான்கையும் கட்டும் இரண்டு எழுத்துகள் எவை?