லேடாங் மலைமேல் ஒரு பகல்

மலாக்காத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தோருக்கு லேடாங் மலை புதியதன்று. பால்மரம் வெட்டிய காலத்தில், விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்றவர்கள் முதலில் நோக்கியது அம்மலையின் முகட்டையே. முகட்டில் மேகம் கவிந்திருந்தால் மழை, மழையாயின் வெட்டில்லை, வெட்டில்லையாயின் கூலி குறையும். இங்ஙனம் தலைமுறை தலைமுறையாக அதனை நோக்கியிருந்த நம்மவருள் அதன்மீது ஏறிப் பார்த்தோர் மிகச் சிலரே. நாமும் கிராணி உத்தியோகத்தில் பத்தாண்டு கழித்த பின்னரே, பள்ளி விடுமுறைக் காலத்து ஞாயிறொன்றில், தோட்டத்து வாலிபர் மூவருடன் புறப்பட்டோம். நம் நாட்டில் கோடை என்று தனிப்பருவம் ஏது? நாலு நாள் மழை ஓய்ந்தால் அதுவே கோடை.

மலையின் உயரம் 4,187 அடி. மலாக்கா எல்லையை அடுத்திருப்பினும் அது ஜோகூருக்கு உரியது. இன்று அம்மாநிலத்துத் தேசியப் பூங்காக்களுள் ஒன்று. தங்காக் வழியாகச் சாகில் சேர்ந்து, பெயர் பதிந்துகொண்டு, வழிகாட்டி ஒருவர் முன் செல்ல ஏறத் தொடங்கினோம்.

ஐரோப்பியர் இம்மலைக்கு இட்ட பெயர் ஓபீர். சாலோமோன் அரசனுக்குப் பொன் வந்த நாட்டின் பெயர் அது. மலாய் மக்களுக்கோ இஃது இளவரசி வாழும் மலை. மலாக்காச் சுல்தான் மகமூது அவளை மணக்க விரும்பித் தூது விடுத்தான் என்றும், அவள் கேட்ட பரிசம் இன்னதென்றும் செஜாரா மெலாயு விரித்துரைக்கிறது. மலையிலிருந்து மலாக்கா வரை பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம். கொசுவின் நெஞ்சு ஏழு தட்டு. ஒரு தாழி கண்ணீர். இறுதியாகச் சுல்தானின் இரத்தமும் அவன் மைந்தனின் இரத்தமும் கிண்ணம் கிண்ணமாக. மைந்தனின் இரத்தத்தை எடுக்க மனம் வராது சுல்தான் அவ்வாசையை விட்டொழித்தான். அவனது ஆட்சியிலேயே, 1511இல், மலாக்கா போர்த்துக்கீசியர் வசமாயிற்று. இக்கதைக்கு அஞ்சியே நம் மூதாட்டியர் மலைப்பக்கம் போகலாகாது என்பர். நமக்கோ அதில் அஞ்சத்தக்கது கொசு ஒன்றே என்று தோன்றிற்று. காரணம் பின்னர்க் கூறுவோம்.

1854இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கிலேயர் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரிக்க மலாக்காவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 31. நான்காண்டு கழித்து, இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினுடன் ஒருங்கே உலகுக்கு அளித்தவர் இவரே. மூட்டை சுமக்க மலாய்க்காரர் அறுவரை அமர்த்திக்கொண்டு, ஆயர் பானாஸ் வழியாகக் காட்டில் நடந்து இம்மலைக்கு ஏறினார். அட்டைகள் கடித்தன, யானையும் காண்டாமிருகமும் சென்ற சுவடுகள் காணப்பட்டன. மேலே தண்ணீர் கிடைக்காத ஓரிடத்தில், இலை நுனியிற் குடுவை தொங்கும் செடியிலிருந்த நீரை, மிதந்த பூச்சிகளைப் பாராமல் அருந்தித் தாகம் தீர்த்தார். அவ்வகைக் குடுவைகளை நாமும் கண்டோம். நம் பையில் தண்ணீர் இருந்தமையால் அந்த வீரத்துக்கு அவசியம் நேரவில்லை!

முகட்டில் நின்று அவர் கண்டது முடிவின்றிப் பரந்த காடும், அதனூடே மின்னிய ஆறுகளுமே. 1869இல் வெளிவந்த தம் நூலில் அப்படியே எழுதியிருக்கிறார். அதனை இங்கிலீஷ் பள்ளியிற் படித்த நாளிலேயே வாசித்திருந்தோம். சுமை தூக்கிய அறுவரின் பெயர் அந்நூலில் இல்லை என்பது அன்று நமக்கு உறைக்கவில்லை.

கயிறும் இரும்பேணியும் பற்றி, மூச்சு வாங்க நாம் முகட்டை அடைந்தபோது நண்பகல். அந்தக் காடு எங்கே? மலையின்மேல் மட்டும் அது எஞ்சியிருக்கிறது. கீழே எத்திசை நோக்கினும் செம்பனை. இடையிடையே சிறிது பால்மரம். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சே யான் என்னும் சீனச் செல்வர் சுமார் 40 ஏக்கரில் பால்மரம் வைத்தார். இந்நாட்டின் முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்து, இம்மலையடியிலேயே புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் தொடங்கினார். அவர் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது, நிற்கவேண்டியதே. ஆனால் மலாயா முழுவதும் வடிகால் வெட்டி, களை பறித்து, மரம் சீவிப் பால் எடுத்தோருள் பெரும்பாலோர் நம் முன்னோர். அவர்களை எந்தப் பாடநூலிலும் நாம் சந்தித்ததில்லை.

இனிக் கொசுவின் செய்தி. மலையடி ஓடைகள் காட்டு நிழலில் ஓடும்வரை தீங்கில்லை. மரங்களை வெட்டி ஓடையில் வெயில் படச் செய்தவுடன், வெயிலையும் தெளிநீரையும் விரும்பும் ஒருவகை மலேரியாக் கொசு அங்கே பெருகும். இந்நுட்பத்தை இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்து விளக்கியவர் மால்கம் வாட்சன் என்னும் வைத்தியர். அது தெரியுமுன்பும் தெரிந்த பின்பும், புதுக்காடு திறந்த தோட்டங்களில் ஆளடிமை ஒப்பந்தத்திலும் கங்காணி மூலமும் வந்தோர் காய்ச்சலில் மாண்டது கொஞ்சமன்று. இளவரசி கேட்ட கண்ணீர்த் தாழி அன்று நிரம்பாது போயிற்று. பின்னாளில் மலையடி லயங்களில் அதற்குப் பஞ்சமிருக்கவில்லை.

உடன் வந்த வாலிபருள் ஒருவன் மேற்குப் பக்கம் கைநீட்டி, "ஐயா, அதோ அந்தச் செம்பனைக்குள்தான் எங்கள் பாட்டி பிறந்த லயம் இருந்ததாம், இப்போது இல்லை" என்றான். நாங்கள் அங்கே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மேகம் ஏறிவந்து மூடிற்று. வழிகாட்டி இறங்கச் சொன்னார்.