கிரகணத்தில் வந்த கட்டளை

அடிமைகளை விடுவிக்கலாமா, கூடாதா என்று வர்ஜீனியா சட்டமன்றம் 1832 ஜனவரியில் ரிச்மண்டில் கூடி விவாதித்த கதையை இந்த வாரம் தொடங்க வேண்டும். ஆனால் அந்தக் கனவான்களுக்கு அப்படியொரு பயத்தை உண்டாக்கிய மனிதரைச் சந்திக்காமல் அவைக்குள் நுழைவது நியாயமில்லை.

அவர் பெயர் நேட் டர்னர். 1800-ல் வர்ஜீனியாவின் சவுத்தாம்ப்டன் கவுன்ட்டியில் அடிமையாகப் பிறந்தவர். சிறுவயதிலேயே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தது, வேதாகமமும் கைக்கு வந்தது. எஜமானர்களுக்குப் பிடித்த வேதபகுதி ஒன்று உண்டு. வேலைக்காரர்கள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுல் எழுதிய இடம் அது. அடிமைகளுக்கு அதைத்தான் திரும்பத் திரும்பப் பிரசங்கித்தார்கள். டர்னரின் மனம் போய் நின்றதோ வேறு பக்கங்களில்: இருண்டுபோகும் சூரியன், கட்டவிழ்க்கப்படும் சர்ப்பம், நியாயத்தீர்ப்பு நாள்.

இருபது வயதையொட்டி ஒருமுறை தப்பி ஓடினார். முப்பது நாள் காட்டில் இருந்துவிட்டுத் தானாகவே திரும்பி வந்தார். திரும்பிப் போகும்படி ஆவியானவர் சொன்னாராம். சக அடிமைகள் முணுமுணுத்தார்கள். இவருடைய அறிவு தங்களுக்கு இருந்தால் உலகத்தில் எந்த எஜமானுக்கும் ஊழியம் செய்திருக்கமாட்டோம் என்றார்கள்.

பிறகு தரிசனங்கள் வந்தன. வானத்தில் வெள்ளை ஆவிகளும் கறுப்பு ஆவிகளும் மோதின, இடி உருண்டது, ஓடைகளில் இரத்தம் ஓடியது. வயலில் வேலை செய்கையில் சோளத்தின்மேல் பனித்துளிபோல் இரத்தத் துளிகளைக் கண்டார். காட்டு இலைகளில் எழுத்துகளும் எண்களும் மனித உருவங்களும் தெரிந்தன. 1828 மே 12 அன்று வானத்தில் பேரோசை கேட்டது. கிறிஸ்து சுமந்த நுகத்தை இறக்கிவைத்துவிட்டார், இனி நீ அதை எடுத்துக்கொண்டு சர்ப்பத்தோடு போராடு, பிந்தினோர் முந்தினோராகும் காலம் நெருங்கிவிட்டது என்று கட்டளை வந்தது.

இதையெல்லாம் சித்தப்பிரமை என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. வெள்ளைக்கார எஜமானும் அதே வேதத்தைத்தான் படித்தார், அதே கடைசி நாளைத்தான் நம்பினார். அடிமைக்கு மட்டும் நீதியைப் பரலோகத்துக்குத் தள்ளிவைத்தார். டர்னர் அதைச் சவுத்தாம்ப்டனுக்கு, தன் ஆயுள் காலத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். அவருடைய இறையியலின் துணிச்சல் அங்கேதான் இருக்கிறது.

1831 பிப்ரவரி 12 அன்று வளைய சூரிய கிரகணம். அதையே அடையாளமாகக் கொண்டு ஹார்க், ஹென்றி, நெல்சன், சாம் என்ற நால்வரிடம் மனதைத் திறந்தார். ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம், நாள் குறிக்கப்பட்டது. அவருக்கு உடம்புக்கு முடியாமல்போய் அது தவறியது. ஆகஸ்டில் சூரியன் நீலப்பச்சையாகத் தெரிந்தது. இதற்குமேல் அவர் காத்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 21, ஞாயிறு. காட்டுக்குள் பன்றிக்கறியும் பிராந்தியும் வைத்துக் கூடினார்கள். நள்ளிரவு தாண்டி, டர்னர் வசித்த டிராவிஸ் வீட்டிலேயே கோடாரி விழுந்தது. வெளியே வந்து சற்றுத் தூரம் போனபின் தொட்டிலில் குழந்தை ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. இருவர் திரும்பிப் போய் அதையும் கொன்றார்கள். அந்தத் தொட்டிலை எந்த வாதத்தைக் கொண்டும் என்னால் கடக்க முடியாது. டர்னரை வீரர் என்றே நான் கருதுகிறேன், ஆனாலும் அந்தக் கொலை கொலைதான். பிறந்த குழந்தையையும் சொத்துக் கணக்கில் எழுதி விற்ற ஓர் அமைப்பு அந்த வீட்டை நடத்திக்கொண்டிருந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

இரண்டு நாளில் சுமார் 55 வெள்ளையர்கள் மாண்டார்கள். டர்னரின் படை நோக்கிப் போன கவுன்ட்டித் தலைநகரின் பெயர் ஜெருசலேம். அங்கே அவர்களால் போய்ச் சேர முடியவில்லை, வழியிலேயே சிதறடிக்கப்பட்டார்கள். பழிவாங்கல் தொடங்கியது. கலகத்தோடு சம்பந்தமே இல்லாத கறுப்பர்கள் டஜன் கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஒருவரின் தலையை வெட்டிச் சாலைச் சந்திப்பில் கம்பத்தில் நட்டார்கள். அந்தத் தலையை வைத்தே சாலைக்கு வந்த பெயர் பல தலைமுறைகள் நிலைத்தது.

டர்னர் இரண்டு மாதத்துக்கும் மேல் பிடிபடவில்லை. கடைசியாக, விழுந்த மரத்தடியில் தோண்டிய குழியிலிருந்து அக்டோபர் 30 அன்று பிடித்தார்கள். சிறையில் தாமஸ் கிரே என்ற வழக்கறிஞர் வாக்குமூலம் எடுத்தார். நமக்குக் கிடைப்பது கிரேயின் கை வழியாக வந்த டர்னர் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் கிழிசல் உடையும் சங்கிலியுமாய் இருந்த டர்னர் விலங்கிட்ட கைகளை வானத்தை நோக்கி உயர்த்தியதைப் பார்த்துத் தன் இரத்தம் உறைந்துபோனதாகக் கிரே எழுதுகிறார். இப்போதாவது உன் எண்ணம் தவறென்று படவில்லையா என்று கேட்டதற்கு, கிறிஸ்துவும் சிலுவையில் அறையப்படவில்லையா என்று டர்னர் திருப்பிக் கேட்டார்.

நவம்பர் 11 அன்று ஜெருசலேமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ரிச்மண்ட் விவாதத்தின் முடிவை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். படிப்படியான விடுதலைக்குத் திட்டம் கொண்டுவந்தவர் ஜெபர்சனின் பேரன் ராண்டால்ப். விடுதலைச் சட்டத்துக்கு வழிவிடும் தீர்மானம் 73-க்கு 58 என்ற கணக்கில் தோற்றது. அதே ஆண்டில், கறுப்பர்கள் பிரசங்கம் செய்யவே தடை விதித்துச் சட்டம் போட்டார்கள். ராண்டால்ப் அவையில் எழுந்ததும், அடிமை முதலாளிகளே அடிமைமுறையைத் திட்டித் தீர்த்ததும் அடுத்த வாரம்.

(தொடரும்)