ஒற்றைக்கைத் தட்டச்சு

ஒற்றைக்கைத் தட்டச்சு என்பது ஒரு கையின் விரல்களை மட்டும் கொண்டு கணினி விசைப்பலகையில் எழுதும் முறை ஆகும். பிறவியிலேயே ஒரு கை குறைவுற்றோர், விபத்தில் கையை இழந்தோர், பெருமூளை வாதம் அல்லது பக்கவாதத்தால் உடலின் ஒரு பக்கம் செயல் குன்றியோர் முதலானோர் இம்முறையைப் பயன்படுத்துகின்றனர். எழுதும் கையை இழந்த மாணவர், பிறர் உதவியின்றித் தம் விடைகளைத் தாமே எழுதுவதற்கு இது ஒரு வழியாகிறது.

குவர்ட்டி விசைப்பலகையில்

பரவலாக உள்ள குவர்ட்டி விசைப்பலகையிலேயே இதனைப் பயிலலாம். நான்கு விரல்களும் நடு வரிசையின் மையத்திலுள்ள எஃப், ஜி, எச், ஜே விசைகளின்மேல் தங்கும். வலக்கையாயின் சுட்டுவிரல் எஃப் மீதும் சிறுவிரல் ஜே மீதும் அமையும். இடக்கையாயின் இது தலைகீழாகும். எஃப், ஜே ஆகிய இரு விசைகளிலும் உள்ள சிறு மேடு, பார்க்காமலே கை தன் இடத்துக்குத் திரும்ப உதவுகிறது.

மாற்று அமைப்புகள்

ஆகத்து டுவோராக் என்னும் அமெரிக்கக் கல்வி உளவியலாளரின் விசைப்பலகை 1936 இல் காப்புரிமை பெற்றது. இதன் வழிவந்த இடக்கை, வலக்கை அமைப்புகளில், மிகுதியாகப் பயன்படும் எழுத்துகள் இயங்கும் கையின் அருகிலேயே உள்ளன. இவ்விரண்டும் விண்டோசு இயங்குதளத்தில் கிடைக்கின்றன. எனினும், பிறர் கணினியில் எழுதும்போது ஒவ்வொரு முறையும் அமைப்பை மாற்ற வேண்டியிருக்கும்.

1990களின் தொடக்கத்தில் கனடாவின் எட்கர் மத்தியாசு உருவாக்கிய அரைக் குவர்ட்டி முறையில், இடைவெளி விசையை அழுத்தியபடி ஒரு விசையைத் தட்டினால் எதிர்ப்பக்கத்தில் அதற்கு இணையான எழுத்து தோன்றும். எடுத்துக்காட்டாக, எஃப் விசை ஜே ஆகிவிடும். இருகைத் தட்டச்சு அறிந்தவர் பின்னர் ஒரு கையை இழந்தால், பழைய விரற்பழக்கம் இதில் பயன்படும்.

இயங்குதள வசதிகள்

இரு விசைகளை ஒருங்கே அழுத்துவது ஒரு கைக்குக் கடினமானது. ஸ்டிக்கி கீஸ் எனப்படும் ஒட்டு விசை வசதி, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த இடமளிக்கிறது. விண்டோசில் சிஃப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து முறை அழுத்தி இதனை அழைக்கலாம். இதற்கெனத் தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கற்பித்தல்

முதலில், செயல் குன்றிய கையால் ஒரு விசையையாவது களைப்பின்றி அழுத்த முடியுமா என்று ஆசிரியர் அறிதல் வேண்டும். முடியுமாயின் இடைவெளி விசையையோ சிஃப்ட் விசையையோ அதற்கு ஒதுக்கலாம். விசைப்பலகையை இயங்கும் கையின் பக்கமாகச் சற்று நகர்த்தி வைப்பது நன்று. முழு உழைப்பும் ஒரே கையின்மேல் விழுவதால், குறுகிய பயிற்சிகளும் இடையிடையே ஓய்வும் தேவை. இருகைத் தட்டச்சாளரின் வேகத்தை அளவுகோலாகக் கொள்ளாமல், மாணவரின் முந்தைய வேகத்துடனும் பிழையின்மையுடனும் ஒப்பிடுவதே பொருத்தமானது.

தமிழ் உள்ளீடு

தமிழ்நாடு அரசு 1999 இல் ஏற்ற தமிழ் 99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமும் உள்ளன. கைகள் மாறி மாறி இயங்குவதால் கிடைக்கும் நன்மை ஒற்றைக்கையருக்கு இல்லை. ஆயினும், பெரும்பாலான எழுத்துகளுக்குச் சிஃப்ட் விசை தேவையில்லை என்பது அவர்களுக்கு ஏற்றதாகும். ண, ள, ற போன்றவற்றுக்குச் சிஃப்ட் விசையை நாடும் உரோமன் ஒலிபெயர்ப்பு முறைகளில் ஒட்டு விசை வசதி இன்றியமையாதது.