தூண்டில் நரம்பு முடிச்சில் அறுவது ஏன்? இரண்டு நரம்புகளை இணைக்க எந்த முடிச்சு சரி?

சனிக்கிழமை காலை ஹைதராபாத் ஏரிக்கரை ஒன்றில் தூண்டில் போடுகிறீர்கள். நல்ல கனமான மீன் மாட்டுகிறது. ராடு வளைகிறது, ரீல் சுற்றுகிறது, திடீரென்று எல்லாம் லேசாகிவிடுகிறது. இழுத்துப் பார்த்தால் வெறும் நரம்புதான் வருகிறது.

“நரம்பு குவாலிட்டி சரியில்லை” என்று கடைக்காரரைத் திட்டத் தோன்றும். ஆனால் இரண்டு நரம்புகளைச் சேர்த்துக் கட்டிய இடத்தில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும். எந்த நரம்பிலும் முடிச்சு போட்டாலே அந்த இடத்தில் பலம் கொஞ்சம் குறையும். தப்பான முடிச்சு என்றால் நிறையவே குறையும்.

மீன் போனதோடு விஷயம் முடிவதில்லை. முள்ளும் நரம்பும் ஏரியிலேயே தங்கிவிடுகின்றன. அதற்குக் கடைசியில் வருவோம்.

இரண்டு நரம்புகளை ஏன் இணைக்க வேண்டும்?

இன்று கடைகளில் கிடைப்பவை முக்கியமாக மூன்று வகை.

- மோனோ: ஒற்றை இழை நைலான். நம்ம ஊர்க் கரையோரங்களில் தங்கூசி என்பார்கள். இழுத்தால் நன்றாக நீளும், முடிச்சைப் பிடித்துக்கொள்ளும், விலையும் குறைவு.
- ஃப்ளூரோகார்பன்: பார்க்க மோனோ மாதிரியே இருக்கும். ஆனால் கனம் அதிகம், தண்ணீரில் மூழ்கும். கல்லில் உரசினாலும் தாங்கும். தண்ணீருக்குள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.
- பிரெய்டு: பல மெல்லிய பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்தது. அதே பருமனுள்ள மோனோவைவிடப் பல மடங்கு பலம். கிட்டத்தட்ட நீளவே நீளாது. ஆனால் வழுக்கும்.

ஹைதராபாத் நிற்பது கருங்கல் பூமியில். 1908-ல் மூசி ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு கட்டப்பட்ட உஸ்மான் சாகர் (1920), ஹிமாயத் சாகர் (1927) உட்பட இங்குள்ள பல நீர்நிலைகளைச் சுற்றிப் பாறைகள் உண்டு. இழுவையில் இருக்கும் பிரெய்டு பாறை விளிம்பில் உரசினால் சட்டென்று அறுந்துவிடும். விரால் இருப்பதோ செடி கொடிக்குள். தெலுங்கில் ‘கொரமீனு’ என்று சொல்லும் இந்த விரால்தான் தெலங்கானாவின் மாநில மீன். அதன் வாயில் கூர்மையான பற்களும் உண்டு.

அதனால்தான் ரீலில் பிரெய்டு, முள்ளுக்கு முன்னால் ஒன்று அல்லது ஒன்றரை மீட்டருக்குத் தடித்த மோனோ அல்லது ஃப்ளூரோகார்பன் என்று வைக்கிறார்கள். இந்த முன் துண்டுக்குப் பெயர் ‘லீடர்’. இரண்டும் சேரும் இடத்தில் வரும் முடிச்சுதான் கேள்வி.

சரி, எது பெஸ்ட்?

ஒரே பதில் கிடையாது. இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: இரண்டு நரம்பும் ஒரே பொருளா? பருமன் ஏறத்தாழ ஒன்றா?

- மோனோவோடு மோனோ, பருமனும் ஒன்று: பிளட் நாட். இரண்டு நுனிகளையும் எதிரெதிராக வைத்து, ஒவ்வொன்றையும் மற்றதன் மேல் ஐந்து சுற்று சுற்றி, நுனிகளை நடுவில் உள்ள இடைவெளி வழியாக எதிரெதிர்ப் பக்கம் விட்டு இழுக்க வேண்டும். அழகான, ஒல்லியான முடிச்சு. பருமன் வித்தியாசம் அதிகமானால் இது வேண்டாம்.
- கரையில் அவசரம், வெளிச்சம் குறைவு: சர்ஜன் நாட். இரண்டு நரம்பையும் ஒரு சாண் அளவு சேர்த்துப் பிடித்து வளையம் போட்டு, சேர்ந்த நுனியையும் முழு லீடரையும் வளையத்துக்குள் இரண்டு முறை விட்டு, நான்கு முனைகளையும் ஒன்றாக இழுக்க வேண்டும். சுலபம், ஆனால் குண்டாக வரும். லீடர் நீளமாக இருந்தால் சிரமம்.
- பிரெய்டோடு மோனோ அல்லது ஃப்ளூரோகார்பன்: டபுள் யூனி. புதிதாகக் கற்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.
- அதே ஜோடி, ஆனால் லீடர் நீளம், முடிச்சு ராடு வளையங்கள் வழியாகப் போய்வர வேண்டும்: எஃப்ஜி நாட். இதில் லீடர் மடங்குவதே இல்லை. பிரெய்டுதான் அதன் மேல் மாறி மாறிக் குறுக்காகச் சுமார் இருபது முறை பின்னிக் கவ்விப் பிடிக்கிறது. இருப்பவற்றிலேயே ஒல்லியானது. கை பழக நாளாகும். வீட்டில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போவது நல்லது.

டபுள் யூனி கட்டுவது எப்படி?

1. பிரெய்டையும் லீடரையும் எதிரெதிர்த் திசையில், சுமார் 20 செ.மீ. ஒன்றன் மேல் ஒன்றாக வையுங்கள்.
2. லீடரின் நுனியைத் திருப்பி ஒரு வளையம் ஆக்குங்கள். வளையம் இரண்டு நரம்புக்கும் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும்.
3. அந்த நுனியை வளையத்துக்குள் விட்டு, இரண்டு நரம்பையும் சேர்த்து நான்கைந்து சுற்று சுற்றுங்கள். நுனியை இழுத்துப் பாதி இறுக்கம் கொடுங்கள்.
4. மறுபக்கம் பிரெய்டின் நுனியை வைத்து இதையே செய்யுங்கள். ஆனால் எட்டு சுற்று. வழுக்கும் நரம்புக்குப் பிடிமானம் அதிகம் வேண்டும்.
5. முடிச்சை நனையுங்கள். இருபக்க முதன்மை நரம்பையும் மெதுவாக இழுங்கள். இரண்டு முடிச்சும் நகர்ந்து வந்து முட்டிக்கொள்ளும்.
6. நன்றாக இறுக்கி, நுனிகளை ஓரிரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள்.

நனைப்பது அவ்வளவு முக்கியமா?

ஆமாம். காய்ந்த நைலானை வேகமாக இழுத்தால் உராய்வில் சூடேறி, அந்த இடத்திலேயே இழை பலவீனமாகிவிடும். ஒரு சொட்டு தண்ணீர் போதும்.

இது புதுப் பாடமும் இல்லை. மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய ‘தி ராட் இன் இந்தியா’ நூலை வெளியிட்டார். அந்தக் காலத்தில் நைலானே கிடையாது. பட்டுப்புழுவிலிருந்து எடுத்த குட்டையான இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துதான் லீடர் செய்வார்கள். கட்டும் முன் ஊறவைக்காவிட்டால் இழை உடைந்துவிடும். பொருள் மாறிவிட்டது, நனைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

எங்கே தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அறுந்து வந்த நுனியைப் பாருங்கள். சுருண்டு, பன்றி வால் மாதிரி இருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது: சுற்று போதவில்லை, அல்லது சரியாக இறுகவில்லை. நுனிக்கு மேலே சொரசொரப்பாக வெளுத்திருந்தால் பாறையில் உரசியிருக்கிறது: லீடரைத் தடிமனாக்குங்கள்.

கிளம்பும் முன் வீட்டிலேயே சோதிக்கலாம். விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கைத் தராசு இருக்கிறதா? முடிச்சுப் போட்ட நரம்பை அதில் மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் அறுகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று முடிச்சுகளை ஒப்பிட்டால் உங்கள் கைக்கு எது சரி என்பது தெரிந்துவிடும். பிரெய்டை வெறும் கையில் சுற்றி இழுக்காதீர்கள், தோலை அறுத்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்வதும் நல்லது.

அறுந்த நரம்பு என்ன ஆகும்?

நைலான் மாஞ்சா பறவைகளையும் பைக்கில் போகிறவர்களையும் என்ன செய்கிறது என்று ஒவ்வொரு சங்கராந்திக்கும் ஹைதராபாத் பார்க்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது. தூண்டில் நரம்பும் அதே குடும்பம்தான். செடியில் சிக்கிய நரம்பில் நீர்க்காகமும் கொக்கும் ஆமையும் மாட்டிக்கொள்ளும். மோனோ மட்கச் சுமார் 600 ஆண்டுகள் ஆகலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

எனவே சில எளிய பழக்கங்கள்:

- வெட்டிய நுனிகளைக் கரையில் போடாமல் ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். குப்பையில் போடும் முன் சின்னச் சின்னதாக நறுக்குங்கள்.
- முள் எதிலாவது சிக்கினால் வெட்டிவிட்டுப் போகாதீர்கள். முதலில் திசை மாறி நின்று இழுத்துப் பாருங்கள்.
- ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரையும் முடிச்சையும் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.
- தெலங்கானாவில் பல ஏரிகளின் மீன்பிடி உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம் இருக்கிறது. தூண்டில் போடும் முன் அனுமதி கேளுங்கள். அது அவர்கள் பிழைப்பு.

ஒரு முடிச்சைத் திரும்பக் கட்ட இரண்டு நிமிடம் ஆகும். சந்தேகம் வந்தால் கட்டிவிடுங்கள்.