தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகம்

பேரையூர்க்காரன் ஆற்றுப் பயணத்தைப் பற்றி எழுதுகிறான் என்றால் எங்கள் பேட்ச் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் பக்கத்து ஆறு குண்டாறு. சாப்டூர் மலைப் பக்கம் பிறந்து, திருமங்கலம், திருச்சுழி, கமுதி என்று போய் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது என்று பூகோளப் புத்தகம் சொல்லும். மழை பிடித்த வருடத்தில் சில நாள் தண்ணீரைப் பார்க்கலாம். மற்ற நாளெல்லாம் மணலும் சீமைக் கருவேலும்தான். எங்களுக்கு மீன் என்றால் கண்மாய் மீன். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி ஊத்தாவையும் கச்சாவையும் வைத்து விராலும் கெளுத்தியும் அள்ளுவதுதான் எங்கள் மீன்பிடிக் கலை. மீனைக் கொடியில் வைத்திருந்த பாண்டியன் நாட்டில், மீன் விழியாளின் பெயரைச் சொல்லிப் பிழைக்கிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஆற்று மீனைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவே.

இப்படிப்பட்டவனிடம்தான் போன சந்திப்பில் ஒரு நண்பன் வேலை கொடுத்தான். பல வருடம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவன். அங்கே 'ஃப்ளை ஃபிஷிங்' கற்றுக்கொண்டானாம். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இறகையும் நூலையும் முள்ளில் கட்டி, ஈயோ பூச்சியோ மாதிரி செய்து, அதைத் தண்ணீர் மேல் விழவைத்து மீனை ஏமாற்றுவது. இந்த முள்ளுக்குக் கனமே கிடையாது. அதனால் கயிற்றையே கனமாகச் செய்து, கழியைச் சுழற்றி அந்தக் கயிற்றை வீசுவார்கள். கயிறு போகிற வேகத்தில் முள்ளும் கூடவே போகும். படகில் மிதந்துகொண்டே, இரவானால் கரையில் தங்கி, நாலைந்து நாள் இப்படியே போவதற்கு 'ஃப்ளோட் ட்ரிப்' என்று பெயர்.

"மாப்ள, சங்கமத்துல பரிசல் ஏறி ஒகேனக்கல்ல இறங்குவோம்டா. அந்த ஆத்துல அதிகம் பேர் போனதே இல்லயாம். நீதானே ஹிஸ்டரி, பழைய புஸ்தகத்தப் பாத்து ரூட் போட்டுக் குடு" என்றான். அர்க்காவதி காவிரியில் கலக்கும் இடம்தான் சங்கமம். அதற்குக் கீழே மேகேதாட்டு. அங்கிருந்து ஒகேனக்கல் வரை சுமார் 64 கிலோமீட்டர் காவிரியே இரண்டு மாநிலங்களுக்கும் எல்லைக் கோடாக ஓடுகிறது. இரண்டு பக்கமும் காடு. 1990-களில் அந்தப் பக்கம் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் வெளியே விடமாட்டார்கள். வீரப்பன் 2004-ல் கொல்லப்படும்வரை அது அவன் பெயரால்தான் அறியப்பட்ட காடு.

சரி என்று புத்தகத்தைத் தேடினேன். ரூட் கிடைத்ததோ இல்லையோ, ஒரு நல்ல சரித்திரம் கிடைத்தது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். இங்கிலாந்தில் பன்னிரண்டு வகைப் போலி ஈக்களைச் சொல்லும் தூண்டில் நூல் அச்சானது 1496-ல். ஆனால் அதற்கு முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் முன்பே, 1130-ஐ ஒட்டி, கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 'மானசோல்லாசம்' என்ற வடமொழி நூலில் 'மத்ஸ்ய விநோதம்' என்று ஒரு பகுதியே எழுதிவிட்டான். எந்த மீன் எங்கே இருக்கும், எதைத் தின்னும், இரை போட்டு எப்படிப் பழக்குவது, கழி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு ராஜா உட்கார்ந்து எழுதியிருக்கிறான். போருக்குப் போகிற நேரம் போக மீதி நேரத்தை நன்றாகத்தான் செலவிட்டிருக்கிறான்!

பரிசலும் அப்படியே. 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்த்துக்கீசியர் டோமிங்கோ பயஸ், ஆனேகுந்தியில் ஜனங்கள் வட்டமான கூடைப் படகுகளில் துங்கபத்திரையைக் கடப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். மூங்கிலை முடைந்து தோலைப் போர்த்திய படகு. இப்போது தோலுக்குப் பதில் தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக்கும். வடிவம் மாறவில்லை. பரிசலுக்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது. பாறைக்கு நடுவே சுழன்று சுழன்று போய்விடும். ஆனால் வேகமான நீரில் மேலே ஏறி வராது. போன பிறகு தலையில் சுமந்தோ வண்டியில் ஏற்றியோதான் திரும்ப வேண்டும். ஆகவே பரிசல் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவன் முதலில் முடிவு செய்ய வேண்டியது எங்கே இறங்குவது என்பதைத்தான். எங்கே ஏறுவது என்பது அதற்குப் பிறகு. என் நண்பன் ஏறும் இடத்தைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசினான்.

வெள்ளைக்காரர் கதைக்கு வருவோம். ஹென்றி சல்லிவன் தாமஸ் மதராஸ் சிவில் சர்வீஸ்காரர். தென் கன்னடத்தில் கலெக்டர். 1873-ல் 'தி ராட் இன் இண்டியா' என்று ஒரு புத்தகம் போட்டார். இந்தியாவில் தூண்டில் பிடிக்கும் தம் நாட்டாருக்கு அது வேத புத்தகமாகவே ஆகிவிட்டது. 1881-லும் 1897-லும் மறுபதிப்பு வந்தது. நடுவில் 1887-ல், குளத்து மீனுக்கென்றே இன்னொரு புத்தகமும் எழுதினார். (எங்கள் கண்மாய்க்காரர்களுக்கு அது பயன்பட்டிருக்கும், யாரும் சொல்லித்தான் கொடுக்கவில்லை.) தாமஸின் நாயகன் மஹ்சீர் என்கிற பெரிய செதில் மீன், கெண்டை இனத்தில் ராட்சதன். அதற்கு வாயில் பல் கிடையாது. பல் தொண்டைக்குள் இருக்கிறது. தாடையின் அழுத்தத்திலேயே இரும்பு முள்ளை நசுக்கிவிடும். வெள்ளம் வரும்போது நீரை எதிர்த்து மேலேறிப் போய் முட்டையிட்டு, வெள்ளம் வடியக் கீழே வரும். எப்போது போக வேண்டும் என்ற கணக்கு இதில்தான் இருக்கிறது. கலங்கலில் மீன் இரையைப் பார்க்காது. மழை ஓய்ந்து நீர் தெளிய வேண்டும்.

தாமஸ் வெறும் பொழுதுபோக்குக்காரர் இல்லை. கண்ணி சிறுத்த வலையிலும் நஞ்சிலும் மீன் குஞ்சுகள் அழிவதைப் பற்றி 1870-களிலிருந்து எழுதினார். மீன் அறிஞர் பிரான்சிஸ் டேயும் எழுதினார், அணைக்கட்டுகள் மீனின் வழியை மறிப்பதையும் சேர்த்தே. கடைசியில் 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்து, வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடை செய்தது. இதே டேதான் 1860-களில் நீலகிரிக்கு டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்று தோற்றவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்த பிறகே அது கைகூடியது. ஈத் தூண்டிலுக்குச் சரியான இடம் தமிழ்நாட்டில் அந்த மலைதான். என் நண்பனிடம் சொன்னேன். "அது மத்தவன் கொண்டாந்து விட்ட மீனு மாப்ள, நம்ம மீனு வேணும்" என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

நம்ம மீன் என்றால் காவிரியின் கூனல் முதுகு மஹ்சீர்தான். 1946 மார்ச்சில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் காவிரியின் கிளையான கபினியில் 120 ராத்தல், அதாவது 54 கிலோ எடையுள்ள ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். உலகச் சாதனை என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர் போய்விட, அந்த மீன் அழிந்துபோயிருக்கும் என்றே மேல்நாட்டில் பலர் நினைத்தார்களாம். 1977-ல் மூன்று ஆங்கில இளைஞர்கள், இருக்கிறதா இல்லையா பார்த்துவிடுவோம் என்று இந்திய ஆறுகளைத் தேடி வந்தார்கள். காவிரியில் இருந்தது! அதன் பிறகு காவிரியில் முகாம்கள் வந்தன. பிடித்த மீனை எடை போட்டுவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட வேண்டும் என்ற விதியும் வந்தது.

இதில் எனக்கு ஒரு வருத்தம். பிடித்தவர் பெயரும் ராத்தலும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பரிசல் தள்ளியவர் பெயர் இல்லை. எந்தப் பாறைக்குக் கீழே எவ்வளவு ஆழம், எந்த மாதம் மீன் எங்கே நிற்கும் என்று காட்டியவர் அவர்தானே? 'அதிகம் பேர் போகாத ஆறு' என்று நாம் சொல்வது, எழுதத் தெரிந்தவர்கள் அதிகம் போகாத ஆறு என்பதுதான்.

ஆனாலும் எழுதி வைத்ததற்கு ஒரு பலன் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காவிரிக் கரையில் காலிபோர் என்று ஒரு முகாம். அங்கே வந்த தூண்டில்காரர்கள் என்றைக்கு எத்தனை மீன், என்ன எடை என்று நோட்டில் எழுதி வைத்தார்கள். பெருமைக்காக எழுதியதுதான், சந்தேகமில்லை. 1998 முதல் 2012 வரையிலான அந்தக் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் பிடிபட்ட மீன் கூடியிருந்தது. கேட்டால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கூடியதெல்லாம் நீலத் துடுப்பு மஹ்சீர். மேற்கே லோனாவாலாவில் பொரித்த குஞ்சுகளை, மீன் பெருகட்டும் என்ற நல்ல எண்ணத்தில், 1970-களின் பிற்பகுதியிலிருந்து காவிரியில் விட்டிருந்தார்கள். காவிரிக்கே உரிய கூனல் மீனோ குறைந்துகொண்டே வந்து, ஏறக்குறைய இல்லை என்ற இடத்துக்கு வந்துவிட்டது. அந்த நோட்டு இல்லாவிட்டால், "ஆறு நிறைய மீன் இருக்கே, என்ன குறை?" என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்போம்.

இன்னொரு வேடிக்கை. நூறு வருடத்துக்கு மேல் புகழ் பெற்றிருந்தும் அந்த மீனுக்கு விஞ்ஞானத்தில் சரியான பெயர் கிடையாது. 2007-ல் பாம்பாற்றில், அதாவது நம் அமராவதியின் தலைமாட்டில், கிடைத்த ஒரு மஹ்சீருக்கு, விலங்கியல் ஆய்வுத் துறையின் மீன் அறிஞர் ரெமாதேவியை கௌரவித்து 'தோர் ரெமாதேவியே' என்று பெயர் வைத்தார்கள். மோயாறில் கிடைத்த மீன்களை வைத்து, காவிரியின் ராட்சதனும் இதுவும் ஒன்றே என்று 2018-ல்தான் நிரூபித்தார்கள். அதே ஆண்டு அது மிகவும் அழியும் நிலையிலுள்ள இனம் என்று உலகப் பட்டியலில் ஏறியது. பெயர் கிடைத்த வருடமும் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்த வருடமும் ஒன்றே.

நண்பனின் திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சங்கமம் முதல் ஒகேனக்கல் வரை என்ற ரூட்டை முதலிலேயே அடித்துவிட்டேன். கர்நாடகக் கரையில் 1987-லிருந்தே சரணாலயம். நம் பக்கம் காவிரி வடக்குச் சரணாலயம் 2014-லும், தெற்குச் சரணாலயம் 2022-லும் வந்தன. காட்டுயிர்ச் சட்டப்படி சரணாலயத்துக்குள் தூண்டில் போட முடியாது. 2012-லேயே முகாம்களில் தூண்டில் நின்றுவிட்டது. நண்பனுக்குக் கோபம். "பிடிச்சி திரும்ப விடுறவன என்னடா தடுக்குறது?" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தூண்டில்காரர் இருந்தவரை வெடி வைப்பவன் அந்தப் பக்கம் வரப் பயந்தான் என்று ஆய்வாளர்களில் சிலரே சொல்கிறார்கள். ஆனாலும் சட்டம் சட்டம்தான். எண்ணி எடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் மீனிடம் நாம் போய் விளையாட வேண்டாம் என்றும் எனக்குத் தோன்றியது.

ஆகவே தீர்மானம் இது. ஒகேனக்கல்லில் அனுமதித்த இடத்தில் மட்டும் பரிசல். தூண்டில் கிடையாது. மழை ஓய்ந்து, நீர் தெளிந்த பிறகு, ஜனவரி கடைசியில். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பேப்பரில் பிலிகுண்டுலு அளவு நிலையத்தின் கன அடிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். வரத்து ஏறினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். தாமஸுக்குக் கிடைக்காத வசதி இது. பரிசல்காரர் சொல்கிற இடத்தில் ஏறி, சொல்கிற இடத்தில் இறங்குவது. அவர் அனுமதித்தால், பெயரையும் அவர் சொல்லும் மீன் கதைகளையும் எழுதிக்கொள்வது. வருகிறவர்கள் மலர்க்குழுவிடம் பெயர் கொடுக்கவும். நீச்சல் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் முன்பே சொல்லிவிடவும்.

மற்றொரு வேலை பேரையூரில். காவிரிக்கு ஒரு நோட்டு இருந்தது. குண்டாற்றுக்கும் எங்கள் கண்மாய்களுக்கும் ஒன்றும் கிடையாது. அயிரை, கெண்டை, குரவை, ஆரால் என்று சின்ன வயதில் நாங்கள் கையால் பிடித்த மீன்களில் எது இருக்கிறது, எது போய்விட்டது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறோம். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021-ல் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் தண்ணீர் என்றாவது இங்கே வந்தால் காவிரி மீனும் கூடவே வரும். அதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று அப்போது யாரைக் கேட்பது?

விலங்கியல் துறை மாணவர்கள் இரண்டு பேர் சேர முன்வந்திருக்கிறார்கள். அறுபது பக்க நோட்டு ஒன்று வாங்கியாயிற்று. தேதி, கண்மாய் பெயர், தண்ணீர் எவ்வளவு, மீனின் ஊர்ப் பெயர், நீளம், பிடித்தவர் பெயர் என்று ஆறு கட்டம் போட்டிருக்கிறோம். பிடித்தவர் பெயர்க் கட்டத்தை மட்டும் கொஞ்சம் அகலமாகப் போடச் சொன்னேன். வரும் கோடையில் முதல் கண்மாய் வற்றும் நாளில் ஆரம்பிக்கிறோம். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள். ஊத்தா பிடிக்கத் தெரிந்த கை இப்போது எங்கள் தெருவிலேயே நாலைந்துதான் இருக்கிறது.