நெடுவாசல் போராட்டம்

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்திலுள்ள நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) எடுக்க மத்திய அரசு அளித்த ஒப்புதலை எதிர்த்து 2017இல் நடந்த மக்கள் போராட்டம். பிப்ரவரி 16 முதல் மார்ச் 9 வரை 22 நாள்கள், மீண்டும் ஏப்ரல் 12 முதல் அக்டோபர் 2 வரை 174 நாள்கள் என இரு கட்டங்களாக நடைபெற்றது. நெடுவாசலுடன் வடகாடு, நல்லாண்டார்கொல்லை, கோட்டைக்காடு, வாணக்கன்காடு, கீரமங்கலம் முதலிய சுற்றுவட்டார ஊர்களின் உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் மாணவர்களும் திரண்டனர். பெண்களே பெருந்தொகையாக வந்தனர். போராடியவர்களில் பெரும்பாலோர் சட்டத்தின் கணக்கில் பழங்குடியினர் அல்லர். ஆயினும் மண்ணின்மேல் வாழ்பவர்களைக் கேளாமல் மண்ணுக்கடியில் இருப்பதைக் குத்தகைக்கு விட்டதால் எழுந்த போராட்டம் என்பதால், ஒடிசாவின் நியம்கிரி, நைஜீரியாவின் ஒகோனி நிலம் ஆகிய இடங்களில் தொல்குடிகள் நடத்திய போராட்டங்களோடு சேர்த்தே இதை எண்ண வேண்டும்.

நிலமும் குடிகளும்

ஆலங்குடிப் பகுதி 1948 மார்ச் 3 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. குளத்தூர், ஆலங்குடி, திருமயம் ஆகிய மூன்றே அந்தச் சமஸ்தானத்தின் வட்டங்கள். இணைப்புக்குப் பின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டு, 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது.

இந்நிலத்தின் ஆதிக்குடிகள் யார் என்பதற்குச் சமஸ்தான வரலாற்றை எழுதியவர்கள் ஒரு வரிசை தருகிறார்கள். குறும்பரும் வேடரும் முதலில் இருந்தோர். அவர்களுக்குப் பின் காடு திருத்தி வந்த காராள வேளாளர். அதன்பின் மறவர், கள்ளர். வேளாளர் குடியேறிய கதையைத் தேக்காட்டூர் ஓலைச்சுவடி விரிவாகச் சொல்கிறது. வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு என நிலம் இரண்டாக இருந்தது. இரு நாட்டு வேளாளரும் தண்ணீருக்கும் எல்லைக்கும் மோதிக்கொண்டதையும், துணைக்கு அழைக்கப்பட்ட படைக்குடிகள் நாளடைவில் ஊர்க்காவலாகிய பாடிகாவல் உரிமை பெற்று நிலத்தில் ஊன்றியதையும் மரபுக் கதைகள் கூறுகின்றன. கல்வெட்டுகளிலும் பாடிகாவல் பற்றிய குறிப்புகள் இடம்பெறுகின்றன. இவ்வரிசையில் முன்னவர், பின்னவர் என்று பிரித்து உரிமை பேசுவதில் பொருளில்லை. குடியேறிய ஒவ்வொரு கூட்டமும் கண்மாய் வெட்டியும் காடு கழித்துமே இங்கு நிலைத்தது. இன்றைய மாவட்டத்திலுள்ள 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்கள் அந்த உழைப்பின் எச்சம்.

கள்ளர் குடிகள் நாடு நாடாக அமைந்தன. அம்புநாட்டைச் சேர்ந்த தொண்டைமான் குடியின் இரகுநாதத் தொண்டைமான் 1686 வாக்கில் புதுக்கோட்டை ஆட்சியைத் தொடங்கினார். நாட்டுக்கு நாடு தலைவராக அம்பலகாரர், நாட்டுக்கூட்டம், கோயில் மரியாதை என்று ஓர் ஒழுங்கு இருந்தது. நிலமும் கோயிலும் காவலும் ஒன்றோடொன்று பிணைந்த இந்த அமைப்பை மானுடவியலாளர் நிக்கோலஸ் டிர்க்ஸ் 1987இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்திருக்கிறார். அந்த அமைப்பில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலமும் மரியாதையும் கிடைக்கவில்லை என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். அந்தப் பிளவு இன்றளவும் மாவட்டத்தில் ஆறவில்லை.

சமஸ்தானத்தின் நிலத்தில் பெரும்பகுதி படைக்கும் கோயிலுக்கும் ஊழியத்துக்கும் விடப்பட்ட மானியமாக இருந்தது. எஞ்சியதில் அமானி முறை நடந்தது. அதாவது அறுவடைக் களத்திலேயே அரசு தன் பங்கை அளந்து எடுத்தது. சர் அ. சேஷையா சாஸ்திரி திவானாக இருந்த காலத்தில் (1878–1894) அமானி ஒழிந்து பணவரி வந்தது. 1888இன் இனாம் செட்டில்மென்ட் ஊழிய மானியங்களை வரி கட்டும் நிலமாக்கியது. குடியானவன் கையில் பட்டா வந்தது அப்படித்தான். அந்தப் பட்டா மேல்மண்ணுக்கு மட்டுமே என்பதை அவன் பேரப்பிள்ளைகள் 2017இல் அறிந்தார்கள்.

இப்பகுதியின் வழிபாட்டுக்கு எடுத்துக்காட்டு குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். சுமார் 33 அடி உயரமுள்ள அதன் குதிரைச் சிலைக்கு மாசிமகத்தன்று சுற்றூர் மக்கள் காகிதப்பூ மாலைகளைக் குவியல் குவியலாகச் சாத்துகிறார்கள். அய்யனார் ஊர் எல்லைக்கும் கண்மாய்க்கும் காவல். நேர்த்திக்கடன் மழைக்கும் விளைச்சலுக்கும் மாட்டுக்கும் வைக்கப்படுகிறது. விளைநிலம் போய்விட்டால் இத்தெய்வத்திடம் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பண்பாடு வேறு, பிழைப்பு வேறு என்று இங்கு பிரித்துப் பார்க்க முடியாது.

விளைச்சல்

ஆலங்குடி வட்டத்தின் பெரும்பகுதி காவிரி நீர் எட்டாத செம்மண் மேட்டுநிலம். சமஸ்தான காலத்தில் வானம் பார்த்த புன்செய்யாக இருந்தது, கிணற்றுப் பாசனத்தாலும் பின்னர் ஆழ்துளைக் கிணறுகளாலும் தோப்பும் தோட்டமுமாக மாறியது. தென்னை, வாழை, பலா, நிலக்கடலை, சோளம், நெல், மல்லிகை, கனகாம்பரம், சம்பங்கி எல்லாம் விளைகின்றன. வடகாட்டுப் பலாவும் கீரமங்கலம் பூச்சந்தையும் பெயர் பெற்றவை. வட்டத்துக்குள்ளேயே வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. வம்பன் உளுந்து இரகங்கள் அங்கிருந்து வந்தவை. இவ்வளவும் நிலத்தடி நீரை நம்பியவை. ஆகவே நீரூற்றுக்கு ஊறு வரும் என்ற அச்சம் இங்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது.

மண்ணடி வளம்

கோண்டுவானா நிலப்பரப்பு உடைந்து விலகிய காலத்தில் தோன்றிய பிளவுப் படுகை காவிரிப் படுகை. அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம், பாக் விரிகுடா முதலிய உட்படுகைகளும், கும்பகோணம்–மாதானம், பட்டுக்கோட்டை–மன்னார்குடி முதலிய மேடுகளும் அதில் உள்ளன. கிரிட்டேசியக் காலத்து ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம் ஆகிய பாறை அடுக்குகள் எண்ணெய்த் தேடலில் அடிக்கடி பேசப்படுபவை. இவ்வடுக்குகளின் பெயர்கள் எல்லாம் தமிழ்நாட்டு ஊர்களுடையவை. ஓஎன்ஜிசி நிறுவனம் 1960களில் இங்கு துளையிடத் தொடங்கியது. 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. நாகப்பட்டினம் அருகே 1993இல் சுத்திகரிப்பு ஆலை வந்தது.

நெடுவாசல் வட்டாரத்திலும் ஓஎன்ஜிசி உழவர்களிடம் நிலத்தைக் குத்தகைக்கு வாங்கி ஆய்வுக் கிணறுகள் தோண்டியது. மண்ணெண்ணெய் எடுக்கப் போவதாகத்தான் தங்களிடம் சொன்னார்கள் என்று நிலம் கொடுத்தவர்கள் போராட்டக் காலத்தில் கூறினர். நல்லாண்டார்கொல்லையில் கைவிடப்பட்ட கிணற்றுத் தொட்டியில் தேங்கிக் கிடந்த எண்ணெய்க் கழிவை வந்தவர்களுக்கெல்லாம் காட்டினர்.

திட்டம்

முன்னதாக 2010இல் மன்னார்குடிப் பகுதியில் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்துக்கு உரிமம் தரப்பட்டிருந்தது. அதை எதிர்த்து ஊர் ஊராகச் சென்ற இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார், அந்தப் பரப்புரையின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2015இல் தமிழக அரசு அத்திட்டத்தைத் தடை செய்தது. நெடுவாசலில் திரண்டவர்களுக்கு எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்ற பாடம் அந்த இயக்கத்திலிருந்து வந்தது.

ஓஎன்ஜிசியும் ஆயில் இந்தியாவும் கண்டுபிடித்துவிட்டு விட்டுவைத்த சிறு எண்ணெய், எரிவாயு வயல்களை ஏலம் விடும் கொள்கை 2015இல் வந்தது. அதன்படி நடந்த முதல் ஏலத்தில் 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு மத்திய அமைச்சரவைக் குழு 2017 பிப்ரவரி 15 அன்று ஒப்புதல் அளித்தது. அவற்றில் ஒன்று நெடுவாசல், 10 சதுர கிலோமீட்டர். கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஊரார் இதைச் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டனர்.

போராட்டம்

மறுநாளே மக்கள் தெருவில் இறங்கினர். சென்னை மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டு ஒரு மாதமே ஆகியிருந்தது. அங்கிருந்து ஊர் திரும்பிய பிள்ளைகள் நெடுவாசலின் செய்தியைப் பரப்பும் கைகளானார்கள். நாடியம்மன் கோயில் திடல் போராட்டக் களமாயிற்று. எந்தக் கட்சியும் தலைமை ஏற்கவில்லை. முடிவுகளை ஊர்க்கூட்டம் எடுத்தது. பழைய நாட்டுக்கூட்டத்தின் பழக்கம் இங்கு உயிரோடு இருந்ததை அதில் காணலாம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மார்பில் அடித்து, நிலத்துக்காக ஒப்பாரி வைத்தனர். இறந்தவர்களுக்குப் பாடுவதை இருக்கும் நிலத்துக்குப் பாடியது கேட்டவர்களை உலுக்கியது. வெளியாரின் தூண்டுதல் என்று அப்போது எழுப்பப்பட்ட குற்றச்சாட்டு நிற்காது. வெளியிலிருந்து மாணவர்களும் அமைப்புகளும் வந்தது உண்மைதான், ஆனால் அவர்கள் வந்தது ஊர் எழுந்த பிறகு.

மாநில முதலமைச்சரும் மத்திய அமைச்சர்களும் தந்த உறுதிமொழியை நம்பி மார்ச் 9 அன்று முதற்கட்டம் கைவிடப்பட்டது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 27 அன்று டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. உறுதிமொழிக்கும் கையெழுத்துக்கும் இடையிலான அந்த 18 நாள்களை நெடுவாசல்காரர்கள் மன்னிக்கவில்லை. ஏப்ரல் 12 அன்று மீண்டும் அமர்ந்து, சித்திரை வெயிலிலும் ஆடிக் காற்றிலும் எழாமல் இருந்தனர். இதற்கிடையே தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் ஜூன் 30 அன்று ஓஎன்ஜிசி குழாய் கசிந்து, எதிர்த்தவர்கள் கைதாயினர். நெடுவாசலுக்கும் கதிராமங்கலத்துக்கும் ஆதரவாகச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த கல்லூரி மாணவி ஒருவர் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். செப்டம்பரில் அந்த ஆணை செல்லாததாயிற்று.

சட்டத்தில் இடம்

1948ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டமும் 1959ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளும் நிலப்பகுதியில் எண்ணெய் எடுக்கும் குத்தகையை மத்திய அரசின் முன் ஒப்புதலோடு மாநில அரசு தர வேண்டும் என்று போராட்டக் காலத்தில் கூறின. ஊருக்கு அதில் பங்கிருக்கவில்லை. நியம்கிரியில் நிலைமை வேறு. அது அரசமைப்பில் பழங்குடியினருக்கான ஐந்தாம் அட்டவணைப் பகுதி. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை ஆதாரமாக்கி உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று கிராம சபைகளிடமே முடிவை விட்டது. டோங்கிரியா கோந்து மக்களின் 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. நெடுவாசல் உழவனுக்கு அந்தக் கதவு முதலிலேயே மூடியிருக்கிறது. பல ஊர்களின் கிராம சபைத் தீர்மானங்கள் வெறும் வேண்டுகோள்களாகவே கணக்கிடப்பட்டன. 2016 அக்டோபர் முதல் 2019 இறுதிவரை மாநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளே இல்லை என்பது இதைவிடக் கொடுமை.

எண்ணெய் எடுத்த இடத்தில் நீர் என்னவாகும் என்பதற்கு ஒகோனி நிலம் சான்று. அங்கு எண்ணெய் எடுப்பை எதிர்த்துப் போராடிய கென் சரோ-விவா உள்ளிட்ட ஒன்பது பேர் 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டனர். ஷெல் நிறுவனம் அங்கு எண்ணெய் எடுப்பதை 1993இலேயே நிறுத்திவிட்டது. ஆனால் 2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஓர் ஊரின் குடிநீர்க் கிணறுகளில் பென்சீன் உலக சுகாதார நிறுவன வரம்பைப்போல் 900 மடங்குக்கு மேல் இருக்கக் கண்டது. இங்கு எடுக்கப்போவது வழக்கமான முறையில், சிறு பரப்பில்தான் என்பது அரசின் வாதம். ஆழ்துளைக் கிணற்றையே நம்பிய ஊருக்கு அது ஆறுதல் ஆகாது.

பின்னர்

மாநில அரசு குத்தகையை மாற்றித் தரவில்லை. நெடுவாசலில் பணி தொடங்கவில்லை. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் இவ்வட்டாரத்தின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று மத்திய அரசு விதியை மாற்றியது. அடுத்த மாதம் 20ஆம் தேதி சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, புதுக்கோட்டை மாவட்டத்தில் திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியங்களைச் சேர்த்தது. ஏற்கெனவே நடந்துவரும் பணிகளை அது தொடவில்லை. 2021 ஜூனில் மாவட்டத்தின் வடதெரு எண்ணெய் வயல், 463.2 சதுர கிலோமீட்டர், ஏல அறிவிப்பில் வந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார்.